வாசல் புல்லை வெட்டியவன்

மூன்றாவது தடவையாக யாரோ வாசல் புல்லை வெட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பிய மாயாண்டி, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் பார்த்தார்.

"யாரோ நல்ல மனசுக்காரங்க," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"சும்மா யாரும் வெட்ட மாட்டாங்க லா. நிலம் அளக்க வர்றதுக்கு முன்னாலதான் வெட்டுவாங்க."

மலேசியாவில் கோலா பிலாவைத் தாண்டியிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில், பழைய வீடுகளை இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மாயாண்டி பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, தோட்டத்து லாரி ஓட்டியவர். நிர்வாகம் நீட்டிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவர். வேலியோரம் அளவுக்கல் நட்டிருக்கிறார்களா என்று குனிந்து தேடினார். ஒன்றும் இல்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

அடுத்த ஞாயிறு மனைவியை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சன்னலைச் சாத்தி உள்ளே உட்கார்ந்தார். பத்து மணிக்கு ஒரு மோட்டார் வந்தது. ஐம்பது வயதை நெருங்கிய ஒருவன், முதுகில் புல் வெட்டும் மெஷின். முதலில் வீட்டைத்தான் பார்த்தான். ஆள் இருக்கிறதா என்று நோட்டம் விடுகிறான். மெஷின் ஓடத் தொடங்கியதும் மாயாண்டி வெளியே வந்தார்.

"யாரு அனுப்புனா உன்னை?"

அவன் மெஷினை நிறுத்தினான். "யாரும் இல்லண்ணே."

"ஆபிஸ்ல இருந்துதானே வர்ற?"

"இல்லண்ணே. நான் தேவன். சுகுமாறன் தம்பி. உங்ககூடப் பட்டாளத்துல இருந்து, காட்டுல கண்ணிவெடியில போனாரே, அவரு தம்பி."

மாயாண்டி அவன் முகத்தில் சுகுமாறனின் சாயலைத் தேடினார். ஆனாலும் விடவில்லை.

"இதை யாரும் சொல்லலாம். சவப்பெட்டியக் கொண்டு வந்தப்போ உங்கம்மா என்னைய என்ன கேட்டாங்க?"

தேவன் தலையைக் குனிந்துகொண்டான். "'எம்புள்ள போயிட்டான், நீ மட்டும் எப்படி உசுரோட வந்தே'ன்னு கேட்டாங்க. நீங்க தண்ணிகூடக் குடிக்காமப் போனீங்க. எனக்கு அப்போ எட்டு வயசு."

மாயாண்டி அவன் அருகே வந்தார்.

"ஒன்றரை நாளு அண்ணனத் தோள்ல சுமந்து வந்தது நீங்கதான்னு பின்னால ஒரு பட்டாளத்து ஆபிசர் வந்து சொன்னாரு. அன்னையிலேருந்து அம்மா மருகிக்கிட்டே இருந்தாங்க. போன வருசம் தவறிட்டாங்க. உங்களத் தேடிப் போய் நன்றி சொல்லச் சொன்னாங்க. வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க இல்லாத நேரமாப் பாத்து இதைச் செஞ்சேன்."

"பெத்தவங்க கேட்டதுல தப்பு இல்ல தம்பி. அந்தக் கேள்விய நானே என்னைக் கேட்டிருக்கேன்."

மாயாண்டி அவன் முதுகிலிருந்து மெஷினைத் தாமே இறக்கி வைத்தார். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்த பிறகுதான் கேட்டார்:

"கடைசியில அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

தேவன் சொல்லத் தொடங்கினான்.