சுவாரசியத்துக்கு வந்த கேடு

பகலெல்லாம் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வீங்கிய கன்னங்களுக்கு டோக்கன் கொடுப்பவள், சாயங்காலமானால் வானிலை டீச்சராகிவிடுவாள். அந்தப் பள்ளிக்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. அது இணையத்தில் ஒரு குழு. வேலை முடிந்து வந்த பெரியவர்கள் மாணவராகவோ ஆசிரியராகவோ வேஷம் கட்டி, பேசுவதையும் செய்வதையும் எழுதி எழுதியே விளையாடுவார்கள்.

கொஞ்ச நாளாகக் கூட்டம் குறைந்தது. குழுவை நடத்துகிறவர்கள் பயந்துபோய், வகுப்புகளைச் சுவாரசியமாக்க ஒருவரைப் பிடித்து வந்தார்கள். கம்பெனி கம்பெனியாகப் போய் ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டுவது அவர் பிழைப்பு. பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்வார். பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய படம் வேறு.

வந்ததும் சட்டம் போட்டார். மாணவன் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது. கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டும். பதிலுக்கு ஒரு நட்சத்திரம்.

அவளும் அப்படியே நடத்தினாள். மாணவர்கள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி, நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன்கூட ராக்கெட் விடவில்லை. பிணவறையில் பாடம் எடுத்த மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆந்தை என்ற பெயரில் விளையாடுகிறவன் அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். பள்ளியில் அவன் ஏழாம் வகுப்பு வாலு. நிஜத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலை நரைத்த மனுஷன்.

"டீச்சர், ஆபீஸ்லயும் இதே நட்சத்திரம்தான். இங்கயும் அதையே வாங்கணும்னா நான் எதுக்கு வரேன்?"

அடுத்த வகுப்பில் அவள் கேள்வியே கேட்கவில்லை. மாணவர்களுக்கு முதுகைக் காட்டி, மேகங்களின் வகைகளைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள், கொட்டாவி வரும்படியாக. முதலில் ஆந்தையின் பையிலிருந்து ஒரு தவளை குதித்தது. தவளைக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள். சண்டையை விசாரிக்க வகுப்பிலேயே நீதிமன்றம் கூடியது. தவளைக்கு வக்கீல் வைத்தார்கள். அவள் மட்டும் மேகம் எழுதிக்கொண்டே இருந்தாள். பழைய ஆட்களெல்லாம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் பயிற்சியாளர் போன் செய்தார்.

"மேடம், நேத்து கிளாஸ் பிரமாதம். என்ன டெக்னிக் அது?"

"முதுகைக் காட்டிட்டு எழுதினேன் சார்."

"அவ்வளவுதானா?"

"அவங்க விளையாட இடம் விட்டேன். விளையாடத்தானே வராங்க."

"இடம் விடறது... அருமை. இதை ஒரு ஸ்லைடாப் போட்டுடலாம்."

யாரோ கடித்துத் துப்பிய பஞ்சைப் பார்ப்பதுபோல் அவள் போனைப் பார்த்தாள்.

அந்த வாரமே புதுச் சட்டம் வந்தது. எல்லா வகுப்பிலும் 'குறும்பு நேரம்' கட்டாயம். மணி அடித்ததும் ஆசிரியர் திரும்பி நிற்க வேண்டும். சிறந்த குறும்புக்கு இரட்டை நட்சத்திரம். அவள் வகுப்பில் பயிற்சியாளரே வந்து மணியடித்து, "இப்போது குறும்பு செய்யலாம்" என்று எழுதினார். யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "சார், எந்த மாதிரி குறும்புக்கு மார்க் அதிகம்?"

அன்றைக்கே அவள் டீச்சர் வேலையை விட்டாள்.

"நாலு வார்த்தை நல்லா கேட்டுட்டு வரவேண்டியதுதானே?" என்றான் புருஷன், துணி மடித்துக்கொண்டே.

"அவர்கிட்டயா? கோபப்படறதுக்குக்கூட அங்க ஆள் இருக்கணுமே."

ஒரு வாரம் கழித்து வேறு பெயரில் மாணவியாகச் சேர்ந்தாள். பயிற்சியாளரின் 'தலைமைப் பண்பு' வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் முதல் கேள்வியைக் கேட்டார். அவள், ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி, படிந்த ஆவியில் விரலால் ஒரு மீசை வரைவதாக எழுதினாள்.

"புதிய மாணவி, பதில்?" என்றார்.

அவள் மீசையை முறுக்கிவிட்டாள்.

ஆந்தை எழுந்து வந்து மீசைக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தான். பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். முன்வரிசை காலியாகி, ஜன்னலடியில் ஒரே நெரிசல். ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்து அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்ததும், மாணவர் ஈடுபாடு எக்கச்சக்கமாக உயர்ந்துவிட்டது என்று நடத்துகிறவர்களுக்கு அறிக்கை அனுப்பினார். புதிய மாணவிக்கு ஒரு நட்சத்திரமும் வந்தது.

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆந்தை தாடியும் வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.