குனிந்த தலைகள் எண்ணப்படமாட்டா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் பார்க்காத ஓர் ஆட்டத்திலிருந்து பிறந்தது. இப்போது, நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இன்னோர் ஆட்டத்தின்போது எழுதப்படுகிறது. ஸ்டாண்டில் நான்காவது வரிசை. மடியில் நோட்டு. எதிரே இருபத்திரண்டு பெண்கள் ஒரு பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன். சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

இடைவேளைக்குள் கதையை முடித்தாக வேண்டும். அப்போது ஒன்று நடக்கப் போகிறது. அது என்னவென்று தெரிந்த பிறகு எழுதினால் இது கதையாக இருக்காது, செய்தியாகிவிடும்.

தொடக்கங்கள் சிலவற்றை முயன்றேன்.

பசும்புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள் ஒரு கவிதையைப் போல— [அடித்துவிட்டேன். புல் பசுமையாக இல்லை. கோட்டுக்குச் சுண்ணாம்பு போதாமல் ஒரு மூலை வெறுமனே கிடக்கிறது.]

சிறு வயதிலிருந்தே அவள் பந்தை நேசித்தாள்— [பொய். என் அக்காவுக்குப் பந்து தன் பக்கம் வருவதே பிடிக்காது. அதனால்தான் கோல்கீப்பர்.]

பெண்களால் முடியாதது என்று இவ்வுலகில்— [இதை எழுதிய ஆளை எனக்குத் தெரியாது. கை மட்டும் என்னுடையது.]

2

எங்கள் கல்லூரிப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என் பொறுப்பு. போன மாதம் அதில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. ஆசிரியர் குழு, ‘நகரப் பெண்கள் அணி சனிக்கிழமை ஆடியதே, அதைப் பற்றி எழுதிக் கொடு’ என்றது. நான் விடுதியில் படுத்திருந்தேன். எழுந்திருக்காமலே எழுதினேன்:

“சென்ற சனிக்கிழமை நடந்த பெண்கள் கால்பந்து ஆட்டத்தை மொத்தம் பதினொரு பேர் கண்டுகளித்தனர். அவர்களில் இருவர் வழி கேட்க வந்தவர்கள்.* ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் கண்டுகளித்தாரா என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை.”

(* முதல் பிரதியில் மூவர். மிகைப்படுத்தக் கூடாது என்று ஒருவரை நீக்கினேன்.)

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பேராசிரியர் நடுவழியில் நிறுத்திக் கைகுலுக்கினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு எழுதத் தெரியாது.

3

விளையாட்டு மைதானம் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அணிக்கு அவரே கேப்டன். அந்த அணிக்கு சனிக்கிழமை மாலை ஐந்து மணி வேண்டும். அந்த நேரம் மூன்று வருடமாகப் பெண்கள் அணியிடம் இருக்கிறது. டாக்டர் என் கடைசிப் பக்கத்தைக் கத்தரித்து, ஒரு கடிதத்தோடு இணைத்து, ‘பொதுமக்கள் ஆர்வமின்மைக்குச் சான்று’ என்று தலைப்பிட்டு அணிக்கு அனுப்பினார்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அக்கா. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. நான் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோது கீப்பர் கையுறைகளைத் துவைத்து, விரல் விரலாகக் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கி எங்கடா உக்காந்திருந்த? நான் உன்னைப் பாக்கவே இல்லையே.”

“கொஞ்சம் பின்னாடி.”

“எவ்ளோ பின்னாடி?”

“ஹாஸ்டல்ல.”

அக்கா சிரிக்கவில்லை. “முப்பத்தெட்டு பேர்டா. நான் எண்ணினேன்.”

“கோல் போஸ்ட்ல நின்னுக்கிட்டு ஆளையா எண்ணிட்டிருந்த?”

“பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது வேற என்ன பண்றது? படி.”

படித்தேன். வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் எண்ணப்படுவார்கள். அறுபதுக்குக் குறைந்தால் பெண்கள் அணி ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாற்றப்படும்.

“ஆறு மணின்னா என்ன? வெயில் கூட இருக்காது.”

“ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு டியூட்டிடா. சனிக்கிழமை சாயங்காலம் வேணும்னுதான் அந்த ஷிப்ட்டை யாரும் கேக்காமயே தலையில எடுத்துப் போட்டுக்கிட்டேன். மூணு வருஷமா.”

“அப்ப?”

“அப்ப ஆட முடியாது.”

ரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு இரண்டாவது கையுறைக்குக் கிளிப் தேடினாள்.

4

(பெரிய சத்தம். கோல் போலிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டேன்.

“நம்மளதா, அவங்களதா?”

“தெரியல மச்சான். ரீப்ளே போடுவாங்கல்ல?”

போடமாட்டார்கள். இது மைதானம்.)

பக்கத்தில் இருப்பவர் என் அறைத்தோழர். பட்டப்பெயர் நிபுணர். எந்த நாட்டு அணியில் எவனுக்கு எந்த முட்டியில் வலி என்பது வரை தெரிந்தவர். இப்போது போனில் வேறொரு நாட்டின் ஆண்கள் ஆட்டத்தை, முடிவு ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தை, மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியதும், பெண்கள் கால்பந்தை எதிர்க்கும் ஓர் ஆணைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்கினேன். ஒருவன் கிடைத்தால் அவனைத் திட்டிக் கதையை முடித்துவிடலாம் என்று கணக்கு. கிடைக்கவில்லை. எல்லோரும் ஆதரிக்கிறார்கள். அதிகாலையில் எழுவதையும் நாங்கள் இப்படித்தான் ஆதரிக்கிறோம்.

நிபுணரின் ஆதரவு இன்னும் ஒரு படி மேல்.

“நான் ஃபுல் சப்போர்ட்டுடா.”

“அப்ப சனிக்கிழமை வா.”

“சப்போர்ட்டுன்னுதானே சொன்னேன்? வர்றேன்னு எப்படா சொன்னேன்?”

“வந்தா என்ன?”

“ஸ்லோவா இருக்கும் மச்சான். தரம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“போன வாரம் பல் டாக்டர் டீம் மேட்சை உக்காந்து பாத்தியே?”

“அது வேற. அது ஒரு ஜாலி.”

அந்த ஜாலியில் பல் டாக்டர் கார்னர் அடிக்க மூலைக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் நிபுணர் ஒரு டீயைக் குடித்து முடித்தார். தரம் பற்றி அன்று அவர் வாய் திறக்கவில்லை. டீ மட்டும் சுமார் என்றார்.

5

பத்திரிகையில் மறுப்பு போட்டேன். குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே நான்கு வரி. கிணற்றில் போட்ட கல். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவுக்கு போன் செய்து, இதையெல்லாம் வைத்து ஒரு கதை எழுதப் போவதாகச் சொன்னேன்.

“கதைல நான் எப்படி ஆடுறேன்?”

“கடைசி நிமிஷத்துல பெனால்டி தடுக்கிற.”

“வேணாம்.”

“ஏன்?”

“நல்லா ஆடினாதான் பாப்பீங்கன்னா அது மேட்ச் இல்லடா, பரீட்சை. அந்தப் பெருசுங்க கேவலமா ஆடுது, நீங்க கை தட்டுறீங்க. எங்களையும் ஒரு நாள் கேவலமா ஆட விடுங்க. பாத்துட்டுத் திட்டுங்க. வந்து உக்காந்து திட்டுங்க, அவ்ளோதான்.”

“போன மாசம் நாலு கோல் விட்டியாமே?”

“அஞ்சு. அதைத் திட்டக்கூட ஆளில்ல.”

என் கதாநாயகி மீது எனக்குச் சந்தேகம் வந்த இடம் இதுதான். ஐந்து கோல் விட்டவளை வைத்து எப்படிக் கதையை நகர்த்துவது? நான்கு என்று திருத்தினேன். பிறகு, எண்ணைத் திருத்தித்தானே இந்த வம்பில் மாட்டினோம் என்று ஐந்தாகவே விட்டுவிட்டேன்.

கல்லூரி முழுக்க ஒரு சுவரொட்டி ஒட்டினேன்: ‘பெண்கள் ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வந்ததாக நான் எழுதியது பச்சைப் பொய். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நேரில் வந்து எண்ணிப் பார்க்கவும். அனுமதி இலவசம்.’

இன்று வந்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு வராதவர்கள், பொய் சொன்னவன் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வருவார்கள். எழுத ஆரம்பிப்பதற்கு முன் எண்ணினேன். எண்பத்தி இரண்டு. நிபுணரும் அதில் உண்டு. நான் மாட்டுவதைப் பார்ப்பதில் அவருக்குத் தரப் பிரச்சினை எதுவும் இல்லை.

6

ஆனால் எண்ணப்போவது நானில்லை. மைதானக்காரர். கோடு போடுவது, காற்றடிப்பது, வெளியே போன பந்தைப் பொறுக்குவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். செவ்வாய்க்கிழமை போய் அவரைப் பார்த்தேன். பந்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படி அண்ணே எண்ணுவீங்க?”

“உக்காந்திருக்கணும். முகம் மைதானத்தைப் பாத்து இருக்கணும். போனை நோண்டுறவன், முதுகைக் காட்டுறவன், டீக்கடையில நிக்கிறவன் எல்லாம் சேர்த்தி இல்ல.”

“கொஞ்சம் அப்படி இப்படி...”

“தம்பி, பதினொண்ணுன்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமா.”

“அப்ப எண்ணறதைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

பேசவில்லை. வேறு கேள்விக்குத் தாவினேன். “ஆம்பளைங்க மேட்ச்சுக்கு எத்தனை பேர் வருவாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “அதை யாரும் எண்ணச் சொன்னதில்லையே.”

“சரி. எப்ப எண்ணுவீங்க?”

“இடைவேளையில. ஆட்டம் நடக்கும்போது பந்து பொறுக்கவே நேரம் சரியா இருக்கும்.”

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

7

இடைவேளைக்கு இன்னும் சில நிமிடங்கள். முடிவுகளைத் தயாராக வைத்திருக்கிறேன். எது பொருந்துகிறதோ அதை ஒட்டிக்கொள்ளலாம்.

முடிவு ஒன்று: அக்கா பெனால்டியைத் தடுக்கிறாள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். [கதாநாயகி அனுமதிக்கவில்லை.]

முடிவு இரண்டு: எண்பத்தி இரண்டு. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். [எனக்கு வசதியான முடிவு. அதனால் நம்பவில்லை.]

முடிவு மூன்று: ஆள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பரிசோதனைக் கூடத்தில் அக்கா. சர்க்கரை பார்ப்பதற்காக முதல் ஆளாக வந்து சட்டைக் கையை மடக்குகிறார் பல் டாக்டர். அக்கா ஊசியை எடுக்கிறாள். [எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அக்காவிடம் சொன்னேன். “நான் குத்தினா வலிக்காதுடா. அதுதானே என் வேலை” என்றாள். கதை அங்கேயே செத்துவிட்டது.]

முடிவு நான்கு: நடுவர் விசில் ஊத

ஊதிவிட்டார்.

8

எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஏன் எழுகிறார்கள்? இடைவேளை. இடைவேளையில் டீ. பார்க்கிறவர்கள் உலகம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான். மைதானக்காரர் சொன்னபோதே உங்களுக்கு இது புரிந்திருக்கும். எனக்கு ஐந்தாவது நாள் புரிகிறது. நான் எண்பத்தி இரண்டு பேரைச் சேர்த்தது ஆட்டத்துக்கு. அவர் எண்ணப்போவது இடைவேளையை.

“டேய், உக்காருங்கடா! இப்பதான் எண்ணுவாங்க!”

நிபுணர் சோம்பல் முறிக்கிறார். “இடைவேளைடா. ஆட்டமே இல்லாத மைதானத்தை எவன் பாப்பான்?”

“அக்கா நிக்கிறா பாரு!”

அக்கா ஓய்வுக்குப் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அணியில் வேறு கீப்பர் கிடையாது, உடம்பு சூடு ஆறக்கூடாது என்று மாற்று ஆட்டக்காரி ஒருத்தியைப் பந்தை உதைக்கச் சொல்லி நின்றுகொண்டிருப்பாள். நான் இதை எழுதிக்கொண்டே சொல்கிறேன். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். நிபுணர் வேண்டா வெறுப்பாகத் திரும்புகிறார். ஒரு உதை. இரண்டு உதை.

“என்னடா இது? இடது பக்கம் இவ்ளோ திறந்து விடுறாங்க?”

“யாரு?”

“உங்க அக்காதான்! வீடு மாதிரி திறந்து கிடக்கு. முதல் கோல் அப்படித்தான் போயிருக்கும். சே!” போனைப் பைக்குள் போடுகிறார். உட்கார்கிறார். “அக்கா! இடது பக்கம்! இடது பக்கம் பாருங்க!”

மைதானத்திலிருந்து அக்காவின் குரல். “தெரியும்! நீ உக்காரு!”

“உக்காந்துதான் இருக்கேன்! ஒரு அடி முன்னாடி வாங்க!”

அவர் கத்துவதைக் கேட்டு, என்னவோ நடக்கிறது என்று, டீக்கடைப் பக்கமிருந்து சில காலடிகள் திரும்பி வருகின்றன. எத்தனை என்று தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரோ என் பின்னால் உட்கார்ந்து, “வலது பக்கமும் திறந்துதானே இருக்கு?” என்கிறார்கள். இன்னொருவர், “அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் நிக்கிறாங்க” என்கிறார். சண்டை ஆரம்பிக்கிறது.

9

மைதானக்காரர் அந்தக் கோடியிலிருந்து எண்ணிக்கொண்டே வருகிறார். ‘ஐம்பத்தி’ என்று ஏதோ காதில் விழுந்தது, மிச்சம் விழவில்லை. இப்போது என் நோட்டின் மேல் ஒரு நிழல். சுண்ணாம்பு படிந்த இரண்டு செருப்புகள்.

“தம்பி, எழுதறதை நிறுத்தினா சேத்துக்கிறேன்.”

“ஒரே ஒரு வரி அண்ணே. முடிவு மட்டும் பாக்கி.”

“வரியெல்லாம் எனக்குத் தெரியாது. முகம் எங்க?”

“இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?”

“நிமிந்தா சொல்றேன்.”

சிக்கல் இதுதான். எண் தெரிந்தால்தான் முடிவை எழுத முடியும். நிமிர்ந்தால்தான் எண் தெரியும். நிமிர்ந்தால் எழுத முடியாது. நான் கைவசம் வைத்திருந்த நான்கு முடிவுகளும் குனிந்த தலையோடு எழுதியவை. எனக்கு இந்த ஆட்டத்தில் யார் கோல் போட்டார்கள் என்பதுகூட இன்னும் தெரியாது.

“உங்க அக்கா இடுப்புல கை வெச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பாக்குறாங்கடா,” என்கிறார் நிபுணர்.

மைதானக்காரர் நகரப் பார்க்கிறார். ஒரு செருப்பு திரும்பிவிட்டது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் முதல் வரியிலிருந்து குனிந்துதான் இருக்கிறீர்கள். இந்த நோட்டு இந்த இடத்தோடு நின்றுவிடும். பின்பாதி இங்கே கிடைக்காது, ரீப்ளேயும் போடமாட்டார்கள். என் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

நான் நிமிர்கிறேன். நீங்கள்