கன்வீனர் ஆமென் சொல்லும்வரை

காரை நகர்த்தி நிறுத்திவிட்டு வர கிளட்ச் எடுத்துக்கொண்டது ஐந்தே நிமிடம். அதற்குள் அவரை மௌனத்துக்குத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

கிளட்ச் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பதினோரு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இன்னொரு ஜோடி பெடலை வைத்துக்கொண்டு, "கிளட்ச், கிளட்ச், அட கிளட்ச்சை மிதிங்க" என்று கத்திக் கத்தி வந்த பேர் அது. சபையில் சின்னது பெரியது எல்லாம் அப்படித்தான் கூப்பிடும். மனுஷர் நல்லவர். ஆனால் பேசுவார். லிஃப்ட்டில் பேசுவார், துக்க வீட்டில் பேசுவார், பல் டாக்டர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டிருக்கும்போதும் ஏதோ ஒரு மாதிரி பேசிவிடுவார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களுக்கான திட்டக் கூட்டம். பிரஸ்பிடேரியன் சபையில் கமிட்டி இல்லாமல் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். ஒருவழியாக மூடலாம் என்று முடிவாவதற்குள் மழை உள்ளே வந்திருக்கும். அன்றைக்கும் கரும்பலகையில் எல்லாம் பிரித்து எழுதியாகிவிட்டது. சாம்பல் புதன் ஆராதனை, ஆஸ்பத்திரி சந்திப்பு, குருத்தோலைப் பவனி, பெரிய வெள்ளி தியானம், எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது. புதன்கிழமைதோறும் ஏழு மணிக்கு சூப்பும் ரொட்டியும், அதற்குப் பக்கத்து பஸ் டிப்போவின் நைட் ஷிப்ட் ஆட்களையும் கூப்பிடுவது. சூப் பொறுப்பு கிளட்ச்சின் மனைவிக்கு. அந்த சூப்புக்கு முன்னால், ஆறரையிலிருந்து ஏழு வரை, மௌன தியானம். அதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

கிளட்ச் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "யாரோ என் காருக்குப் பின்னாடி கொண்டாந்து ஸ்கூட்டரை செருகி வச்சிருக்காங்க, ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள..."

எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன, என் பேன்ட் கிழிஞ்சிருக்கா?"

"வாழ்த்துக்கள் மாப்பிள்ளை," என்றார் அவருடைய மாமனார். சபையை நடத்தும் பெரியவர்களான மூப்பர்களின் சங்கத்துக்குச் செயலாளர் அவர். முப்பத்தாறு வருடம் பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கமா இடம் மாறியிருந்தால் கையெழுத்துப் போட மாட்டார். "மௌன அரைமணிக்கு நீங்கதான் கன்வீனர். ஏகமனதா நிறைவேறிடுச்சு."

"யாரு முன்மொழிஞ்சது?"

"நான்தான்."

கிளட்ச்சுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு புது மூப்பர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளம் போதகர் கிளட்ச்சின் பெயரைச் சொல்லியிருந்தார். மாமனார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொன்னார்.

"அரை மணி நேரம் வாயை மூட முடியாத ஆளு மூப்பர் சங்கத்துல உட்கார்ந்தா, அந்தக் கூட்டம் என்னிக்கு முடியறது? அஞ்சு புதன்கிழமை. நேரம் முடியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை வந்தாலும் பேரை அடிச்சிடுவேன். வரலைன்னா நானே முன்மொழியறேன்."

"ஐயா, இது கொஞ்சம் அதிகமா தெரியுதே," என்றார் போதகர்.

"மினிட்ஸ் நோட்டுல ஏத்தியாச்சு பாஸ்டர்."

மினிட்ஸில் ஏறியது ஏறியதுதான்.

கிளட்ச்சுக்கு அந்தப் பதவி ஏன் அவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அவர் அரை மணி நேரம் காரணம் சொல்வார். ஆனால் நிஜம் சின்னது. கல்யாணம் கட்டி இந்தச் சபைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடமும் வேன் ஓட்டினார், வாசலில் மற்றவர்களின் கார்களை நிறுத்திக் கொடுத்தார், பாட்டு ஆரம்பித்த பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றார். மாமனாரோ மூப்பர் என்ற முறையில் திருவிருந்து நாளில் அப்பத் தட்டை வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டு போவார். ஒரு தடவையாவது அந்தத் தட்டைத் தன் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வரிசைக்குப் போய் நிற்க வேண்டும், யாரும் "கிளட்ச், என் வண்டியை எடுங்க" என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சி வீட்டில் ஆரம்பித்தது. மனைவி போனில் நேரம் வைத்தாள். முதல் நாள் நாலு நிமிடம்.

"ஏங்க, நாலு நிமிஷம்கூட முழுசா ஆகலை."

"ஃபேன்ல சத்தம் வருது பாரு, பேரிங் போயிடுச்சு, அதைச் சொல்லாம எப்படி இருக்கிறது?"

"ஃபேன் மூணு மாசமா அப்படித்தான் கத்துது. அதுவாவது நடுவுல நிக்குது."

அடுத்து வேலையிலேயே பழகலாம் என்று பார்த்தார். அன்றைக்கு வந்த மாணவி வங்கியில் கேஷியர், நாலாவது நாள் பாடம். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் மாஸ்டர் திட்டாததால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பி, இரண்டாவது கியரிலேயே ரவுண்டானாவை மூன்று சுற்று சுற்றி, நாலாவது சுற்றில் நேராக ஒரு பூச்செடிக் கடைக்குள் போனாள். பிரேக்கை இவர் மிதித்ததால் இரண்டு தொட்டி மட்டும் போனது.

"சொல்லியிருக்கலாம்ல சார்," என்றாள் அவள், மடியில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

"லெந்து நாள்மா," என்றார் கிளட்ச்.

ஆனாலும் முதல் புதன்கிழமை தாண்டிவிட்டது. திருவிருந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு சபையைப் பார்த்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது பேர் தலை குனிந்திருந்தார்கள். அவருடைய பாதம் மட்டும் தரையில் பெடலைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது. எதிரே, பின் சுவரில், பிரசங்கிமார் அளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்காக மாட்டிய கடிகாரம். சபையாருக்கு அது முதுகுப் பக்கம், இவருக்கு நேர் எதிர். ஏழு ஆனதும் "ஆமென்" என்றார். அந்த ஒரு சொல் வாயிலிருந்து விழுந்ததும் பிரஷர் குக்கர் விசில் மாதிரி மீதியும் வந்துவிட்டது. சூப் ஆறும்வரை பேசினார்.

இரண்டாவது வாரம் யாருடைய போனோ குழந்தை மாதிரி சிரித்தது. போதாததற்கு, பசி தாங்காத போதகர் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே "சரி, போதும்னு நினைக்கிறேன்" என்று எழுந்துவிட்டார். மாமனார் அன்றிரவே தீர்மானத்தைத் திருத்தி எழுதினார். போன், கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் உள்ள கூடையில் போட வேண்டும். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. கன்வீனர் ஆமென் சொல்லும்வரை மௌனம் முடிந்ததாகக் கருதப்பட மாட்டாது. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது, நாலாவது புதன்களும் போயின. நாலாவதில் ஒரு வண்டு அவர் காதில் உட்கார்ந்தது. அதற்கும் வாய் திறக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த மாமனார் அந்த வண்டைக் கொஞ்சம் ஆசையோடு பார்த்ததாக மனைவி பிறகு சொன்னாள்.

ஐந்தாவது புதன் வந்தது.

கிளட்ச் மணியை அடித்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் நகராது என்று இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். தான் கற்றுக்கொடுத்த ஒவ்வொருவரையும் நினைத்து ஜெபித்தார், நிறைய பேருக்கு ஜெபம் தேவைதான். கண்ணைத் திறந்தபோது ஆறு ஐம்பத்து மூன்று. ஏழே நிமிடம். மறுபடி மூடினார். அந்தக் கேஷியருக்குத் தனியாக ஒரு ஜெபம். திறந்தார். ஆறு ஐம்பத்து மூன்று.

சோதனை வந்தால் இப்படித்தான் நேரம் நீளும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

சமையலறைப் பக்கம் சூப் கொதிக்கும் வாசனை வந்தது. பிறகு சூப் கெட்டியாகும் வாசனை. மனைவி கதவு இடுக்கில் தலையை நீட்டி, கரண்டியைக் காட்டி, கண்ணால் என்ன என்று கேட்டாள். இவர் புருவத்தை மட்டும் அசைத்தார். முதல் வரிசையில் மாமனார் காலை மாற்றிப் போட்டார், பிறகு இரண்டு காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார். பிரஷர் மாத்திரை போட்டால் அவருக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது கதவு திறந்தது. டிப்போ ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், காக்கியோடு வந்தார்கள். முன்னால் வந்த பெண் கண்டக்டர் உள்ளே நாற்பது தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டி, எல்லாரையும் பின்வரிசையில் உட்கார வைத்தாள்.

கிளட்ச் அவர்களைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இவர்கள் என்றைக்கும் ஏழுக்கு முன்னால் வந்ததில்லை. அது மட்டும் இல்லை. பதினோரு வருடமாக அரைமணி அரைமணியாகப் பாடம் நடத்திய உடம்பு அது. கடிகாரமே பார்க்காமல் "அவ்வளவுதான், வண்டியை ஓரங்கட்டுங்க" என்று சொல்லும் உடம்பு. அந்த உடம்பு எப்போதோ ஓரங்கட்டச் சொல்லிவிட்டது.

ஆனால் கடிகாரம் ஆறு ஐம்பத்து மூன்று என்றது. உடம்பை நம்பி ஆமென் சொல்லி, அது ஒரு நிமிடம் முன்னதாக இருந்துவிட்டால்? மாமனார் முதல் வரிசையில்தான் இருக்கிறார். ஐந்து வாரம், ஒரு வண்டு, இரண்டு பூந்தொட்டி, எல்லாம் வீண். கிளட்ச் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பாதம் தரையில் பிரேக்கை மிதித்தது.

பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள். கண்டக்டர் தன் ஆட்களுக்கு ஜாடை காட்டினாள், அவர்கள் ஒவ்வொருவராகச் சத்தம் இல்லாமல் வெளியே போக ஆரம்பித்தார்கள். சாப்பிடாமல்தான்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். காக்கி முதுகுகளைப் பார்த்தார். பிறகு எழுந்தே விட்டார்.

"மாப்பிள்ளை, சொல்லித் தொலைங்க. அவங்க போறாங்க."

கிளட்ச் வாய் திறக்கவில்லை. சுவரைக் காட்டினார். நாற்பது தலையும் ஒரே நேரத்தில் திரும்பின.

"அது ஓடலை சார்," என்றாள் கண்டக்டர், வாசலில் நின்றபடியே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. "நாங்க வந்தப்பவே அதே மணிதான் காட்டிச்சு. இப்ப ஏழு இருபது. எங்களுக்கு ஏழரைக்கு வண்டி எடுக்கணும்."

"ஆமென்," என்றார் கிளட்ச்.

மாமனார் அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை, அவர் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். கிளட்ச் சூப் அண்டாவை ஒரு பக்கம் பிடிக்க, மனைவி இன்னொரு பக்கம் பிடிக்க, சபை வேனில் ஏற்றி, பன்னிரண்டு பேரையும் திணித்து, மூடி ஆடிய இடத்தில் எல்லாம் "யாராவது மூடியைப் பிடிங்க, ஸ்பீடு பிரேக்கர் வருது" என்று கத்திக்கொண்டே டிப்போவுக்குள் போனார். அடிப்பிடித்த சூப்பை அவர்கள் நின்றுகொண்டே குடித்தார்கள். இரண்டு டிரைவர்கள் வண்டியில் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள், ரொட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"உங்க கூட்டத்துல பேசக் கூடாதா?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"பேசலாம்மா. நான் ஒருத்தன் பேசியிருந்தா போதும்."

ஞாயிறு ஆராதனை முடிந்து மூப்பர் சங்கம் கூடியது, கிளட்ச்சையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமனார் நோட்டைத் திறந்தார். போதகர் தொண்டையைச் செருமினார். "ஐந்து வாரமும் கன்வீனர் நேரத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசலை. தீர்மானப்படி பார்த்தா மௌனத்தைக் கலைச்சது..." என்று சொல்லி மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"செயலாளர்," என்றார் மாமனார். "எழுதிட்டேன். என் கையாலேயே எழுதிட்டேன். சரி, மாப்பிள்ளை பேரை நான்..."

"மாமா, ஒரு நிமிஷம்."

"உங்க நிமிஷம் எவ்வளவு நீளம்னு சபைக்கே தெரியும். சொல்லுங்க."

கிளட்ச் எழுந்து நின்றார். வழக்கமாக வார்த்தைகள் அவரைத் தள்ளிக்கொண்டு வரும். அன்றைக்கு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. "டிப்போ ஆளுங்க உள்ள வந்தப்பவே எனக்குத் தெரியும். கடிகாரம் நின்னுடுச்சுன்னு. பேரு போயிடுமேன்னு உட்கார்ந்திருந்தேன். அவங்க எழுந்து போனப்பவும் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதுங்க."

மாமனார் பேனா மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. திரும்ப மூடினார். மூப்பர்கள் எல்லாரும் மேஜை விரிப்பைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஏழு மணிக்கே தெரியும்," என்றார் கடைசியில். "ஆறு மணிக்கு மாத்திரை போட்டா சரியா ஒரு மணி நேரத்துல எழுந்தாகணும். என் உடம்பு எந்தக் கடிகாரத்தையும் விட கறாரு. நீங்க முதல்ல வாயைத் திறக்கட்டும்னு நானும் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம், மாப்பிள்ளை. அது என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியாது."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றினார்கள்.

"அப்ப ரெண்டு பேர் பேரையும் எழுதணுமே ஐயா," என்றார் போதகர்.

"எழுதறேன்." எழுதினார். நிதானமாக, கமா எல்லாம் வைத்து, முழுதாக ஒரு பக்கம். "இந்தக் குற்றத்துக்கு இவரை மூப்பராக்க முடியாதுன்னா நானும் மூப்பரா இருக்க முடியாது. நான் போயிட்டா இந்த நோட்டை யாரு எழுதறது?" மூப்பர்களைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர்கூட நிமிரவில்லை. "அதுதான். கன்வீனர் பேரை முன்மொழியறேன். யாராவது வழிமொழிங்க, சீக்கிரம், எனக்கு எழுந்து போகணும்."