மூன்றாம் காட்சி

மேடையிலும் சினிமாவிலும் நாற்பது வருடம் அப்பாவாகவே நடித்தவருக்கு, சொந்த மகளின் முகம் மறந்துவிட்டது. பழைய நாடகம் ஒன்றின் வசனம் மட்டும் மறக்கவில்லை. அதனால் மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் அவள் அந்த நாடகத்து மகளாகப் பேசுவாள். அவர் “என் கண்ணே” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வருவாள். மூன்றாம் காட்சியில் அப்பா மகளைத் துரத்துவார்; அதற்கு முன்பே நிறுத்திவிடுவாள்.

இன்று அவள் நிறுத்தியும் அவர் நிறுத்தவில்லை. “வெளியே போ! எனக்கு மகளே இல்லை!” என்று கட்டில் அதிரக் கத்தினார்.

நாடகத்தில் உள்ளபடியே அவள் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். அடுத்து அப்பா அழ வேண்டும்.

உள்ளே அவர் நர்சிடம் சொன்னார்: “இந்தப் பொண்ணு நல்லா பண்றாம்மா. மக வேஷத்துக்கு இவளையே வெச்சுக்கலாம். எனக்கும் ஒரு மக இருக்கா, எட்டிக்கூடப் பார்க்கறதில்ல.”