இரண்டு கருமணிக்கு நடுவே

சோடாப்புட்டிக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கூத்து உண்டு. புதுக் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போனால், வெறும் பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்க்கச் சொல்வார்கள். பிரேமில் பவர் கிடையாது. பவர் உள்ள பழைய கண்ணாடியோ கழற்றி மேஜைமேல் கிடக்கும். பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி ஒன்று மங்கலாகத் தெரியும். அதுதான் நம் முகம். எடுப்பாக இருக்கிறதா, எடுபடவில்லையா என்று கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

சத்யபிரியாவுக்கு அதைச் சொல்ல அம்மா இருந்தாள். எதைப் போட்டாலும் "நல்லாருக்குத்தா" என்பாள். அம்மா போய்ச் சேர்ந்தபின் ஒருமுறை தனியாக அருப்புக்கோட்டைக் கடைக்குப் போனாள். "கூட யாரும் வரலையாம்மா?" என்று கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

அதனால்தான் பழைய கண்ணாடியின் காது ஒடிந்து, நூல் சுற்றிக் கட்டிப் போட வேண்டி வந்தபோது, போனிலேயே வாங்கிவிடுவது என்று தீர்மானித்தாள். திருச்சுழியில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் விண்ணப்பித்துக் கொடுக்கிறவளுக்கு இதென்ன பெரிய வித்தை?

மதுரை டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஸ்பியர் என்ற கட்டத்தில் வலது கண்ணுக்கு மைனஸ் ஏழு, இடது கண்ணுக்கு மைனஸ் ஏழரை. மைனஸ் என்றால் தூரத்தில் இருப்பது தெரியாது. அவளுடைய மைனஸுக்கு எதிரில் நிற்கிறவர் முகமே தூரம்தான். அடுத்தது சிலிண்டர், அதற்கடுத்தது ஆக்சிஸ். கருவிழி ஒரு பக்கமாகக் கூடுதலாக வளைந்திருப்பதை ஒன்று சொல்லும், அந்த வளைவு எந்தச் சாய்வில் என்பதை மற்றது சொல்லும். மைனஸுக்குப் பதில் பிளஸ்ஸைத் தட்டிவிட்டால் கதை கந்தல் என்பதால் ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். சாதாரண லென்ஸ் என்றால் ஓரம் பலகைக் கனத்தில் நிற்கும். அதனால் ஒல்லி லென்ஸாகவும் சின்னப் பிரேமாகவும் பார்த்துத் தேர்ந்தாள்.

கடைசிக் கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. பி.டி. என்று கேட்டிருந்தது. ஒரு கண்ணின் கருமணிக்கும் மறு கண்ணின் கருமணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு. டாக்டர் சீட்டில் அது இல்லை. கீழே ஒரு படம். இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் மூக்குமேல் ஸ்கேலை வைத்து அளக்கிறாள். இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு தோழியை அழைத்து அளக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது.

தோழிக்கு எங்கே போக? மையத்துக்கு வருகிற சனம் கம்ப்யூட்டரைப் பார்க்கும், பிரிண்டரைப் பார்க்கும். அவள் முகத்தைப் பார்க்காது. வாட்ச்மேன் மொக்கையன் தங்கமான மனுசர்தான். ஆனால் ஓர் ஆம்பளையை மூச்சுப் படுகிற தூரத்தில் நிறுத்தி அளக்கச் சொன்னால் மறுநாள் ஊர் சிரிக்கும். தானே அளந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினால் ஸ்கேலில் கோடு தெரியாது என்பதால் நிலைக்கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு ஒட்டி நின்று அளந்தாள். ஐம்பத்தாறு வந்தது. அதையே போட்டு ஆர்டர் கொடுத்தாள்.

வந்த கண்ணாடியைப் போட்டதும் இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் இழுத்தன. வாசற்படி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. தலைவலியில் வாந்தி வரும் போலிருந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

"ரொம்பக் கிட்ட நின்னு பார்த்திருக்கீங்க மேடம். அப்ப கருமணி ரெண்டும் உள்பக்கம் திரும்பிரும், அளவு குறைச்சலா வரும். ஒருதடவை இலவசமா மாத்தித் தருவோம், அதுக்கு மேல முடியாது. இந்தத் தடவை வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்க."

"இங்க யாரும் இல்லைங்க."

"வீட்டுல யாருமே இல்லையா மேடம்?"

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் சத்யபிரியா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தாள். வெளியே வாங்குகிற கண்ணாடிக்கு அளவு எடுத்துத் தருவதில்லை என்றார்கள். நியாயம்தான்.

பக்கத்துச் சுவரைத் தாண்டினால் அண்ணன் கருத்தப்பாண்டியின் வீடு. கூடப் பிறந்த ஒரே அண்ணன். அவர் பேச்சை நிறுத்தியதற்கும் காரணம் கண்ணாடிதான். அவளைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்தபோது, "அந்தக் கருமத்தக் கழட்டி வச்சிட்டு வா" என்றார் அண்ணன். கழற்றி வைத்தாள். சபையில் வெள்ளை வெள்ளையாக நாலைந்து புகைமூட்டம் உட்கார்ந்திருந்தது. எந்தப் புகை மாப்பிள்ளை என்று தெரியாமலேயே காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் அவள், "நான் மாப்பிள்ளையப் பாக்கவே இல்லண்ணே. பாக்காம எப்படிச் சரின்னு சொல்ல?" என்றாள். இன்னொரு தடவை வரச் சொன்னால் நம்மைக் கேலியாகப் பேசுவார்கள் என்றார் அண்ணன். அப்படியானால் வேண்டாம் என்றாள். வாக்குத் தவறியவர் என்ற பேர் அவருக்கு வந்தது.

"இனி ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றார் கருத்தப்பாண்டி. வாய்ப்பேச்சுக்கு எல்லாரும் சொல்வதுதான். அவர் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட இவள் அழுத பக்கம் அவர் தலை திரும்பவில்லை.

மதினி ஜெகதீஸ்வரி மட்டும் அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துக் குழாயடியில் இரண்டு வார்த்தை பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் அண்ணனின் பைக் இல்லாததைப் பார்த்துவிட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு அந்த முற்றத்துக்குள் போனாள் சத்யபிரியா. விஷயத்தைச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துவைகல்மேல் வைத்தாள். மதினியின் தலைக்கு மேலே தூரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். கண்மாய்க்கரைக் கருவேலங்காடு ஒரு பச்சைக் கறையாகத் தெரிந்தது.

மதினி ஸ்கேலை வைத்தாள், எடுத்தாள், தள்ளிப் பிடித்தாள்.

"கோடெல்லாம் ஒண்ணாத் தெரியுதுத்தா. எனக்கு வெள்ளெழுத்து வந்துருச்சு போல. அரிசியில கல்லு பொறுக்கக்கூட முடியல."

வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. சத்யபிரியா துவைகல் பக்கம் கையை நீட்டினாள்.

"இருத்தா, அசையாத" என்றாள் மதினி. மதினியின் ஊதாச் சேலைக் கறை விலகிப் போனது. குசுகுசுவென்று ஏதோ பேச்சு. அதன்பின் ஒரு வெள்ளைக் கறை எதிரே வந்து நின்றது.

வெயிலில் காய்ந்த பனியன் வாசமும் ஆட்டு வாசமும் வந்தன. சொரசொரத்த விரல் ஒன்று அவள் மூக்குத் தண்டில் ஸ்கேலை வைத்தது. கருமணியை அளக்க வேண்டுமென்றால் கண்ணுக்குள் பார்த்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அம்மா போன பிறகு யாரும் அவளை இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்ததில்லை. இந்த ஸ்கேல் இப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கண்ணில் நீர் கட்டியது. விரல் ஸ்கேலை எடுத்துக்கொண்டது. அவள் துடைத்துக்கொள்ளும் வரை வெள்ளைக் கறை காத்து நின்றது. மறுபடி வைத்தது.

"அறுவத்தி மூணுண்டு எழுதிக்கிறச் சொல்லு" என்றது குரல். சொன்னது மதினியிடம்.

சத்யபிரியா துவைகல்லைத் தடவிக் கண்ணாடியை எடுத்து, நூல் கட்டிய காதை மாட்டி நிமிர்வதற்குள் முற்றத்தில் மதினி மட்டும் நின்றாள். வாசலில் பைக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அறுபத்து மூன்று போட்டு வந்த கண்ணாடி கச்சிதம். வாசற்படி ஒன்றாகத் தெரிந்தது. கருவேல மரத்தில் முள் முள்ளாகத் தெரிந்தது. மதினியிடம் காட்டலாம் என்று முற்றத்துக்குப் போனாள். மதினி நரிக்குடியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அண்ணன் மட்டும் முதுகைக் காட்டிக் குனிந்து ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் கை நின்றது. நிமிர்ந்தார், திரும்பவில்லை. பிடரியில் பாதி முடி நரைத்திருந்தது. பனியனில் தோள்பட்டைக்குக் கீழே இரண்டு ஓட்டை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"கண்ணாடி சரியா இருக்காண்டு கேளு" என்றார், வீட்டில் இல்லாத பெண்டாட்டியிடம்.

"நல்லாத் தெரியுதுண்டு சொல்லுங்க மதினி" என்றாள் சத்யபிரியா.

சரி என்பதுபோல அந்தப் பிடரி அசைந்தது. இப்போதாவது திரும்புவார் என்று அவள் நின்றாள். அவர் தழைக்கட்டை எடுத்துக்கொண்டு, கிட்டத்து வழியை விட்டுவிட்டு, ஆட்டுக் கொட்டத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அவள்தான் அவர் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.