பாதி டேங்க்

அத்தையின் மடியில் ஒரு தலையணை, தலையணைக்கு மேல் காரிலிருந்து கழற்றி வந்த டாஷ்போர்டு மீட்டர் பெட்டி. அதன் முதுகில் இருந்த துளைகளில் மருமகள் பல்புகளைச் செருகித் திருகிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பைக் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்கள் மேலே ஏறி வந்திருந்தன. வெளியே நல்ல வெயில். விளக்கின் நிறம் தெரிய வேண்டுமென்று ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள்.

"கதவையும் சாத்து. ராத்திரி மாதிரி இருக்கணும்" என்றார் அத்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. அதிகாரம் மட்டும் கொஞ்சமும் இளைக்கவில்லை.

இதயம் ஓய்ந்துவிட்டது, இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். படுக்கையில் சாய்ந்ததுமே அத்தை கேட்டது மாத்திரையை அல்ல, மீட்டர் பல்பை. அந்தப் பழைய காரில் மீட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போய், பெட்ரோல் முள்ளுக்குப் பின்னால் இருந்த ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டே அத்தை ஓட்டிவந்தார். வேகத்தைக் காது சொல்லும், பெட்ரோலை யார் சொல்வது என்பார்.

அத்தை டாக்ஸி ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வரும் நர்ஸுகள், திடீரென்று வலி கண்ட கர்ப்பிணிகள், ஆண் டிரைவரோடு தனியே போகத் தயங்கும் பெண்கள் எல்லோருக்கும் அவருடைய நம்பர் மனப்பாடம். முள் பாதிக்குக் கீழே இறங்கினால் அவருக்கு இருப்பு கொள்ளாது. வலி வந்தவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கச் சொல்கிறாயா என்று சண்டைக்கு வருவார். அதனால் டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு வைத்த பெயர் 'பாதி டேங்க்'. கேலிக்கு வைத்த பெயர்தான். தங்கள் வீட்டில் ஒரு அவசரம் என்றால், கேலி செய்தவர்களே முதலில் அவருக்குத்தான் போன் போட்டார்கள்.

பெற்ற பிள்ளைக்கோ காரில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். மருமகள் ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அப்படியும் அந்த ஸ்டியரிங்கை அவள் தொட்டதில்லை. சாவி எப்போதும் அத்தையின் இடுப்பில் இருந்தது. 'அது என் கைக்குப் பழகின வண்டி' என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அதனால்தான் இந்த பல்பு விஷயம் மருமகளுக்குப் பிடிக்கவில்லை. அத்தை தனக்காக பல்பு மாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பல்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வண்டி கைமாறிவிடும், அப்புறம் அத்தைக்கு இங்கே என்ன வேலை? கடை மூடியிருந்தது, அளவு சரியில்லை என்று சாக்குச் சொல்லியே நாளைக் கடத்திவந்தாள். இன்று அத்தை விடவில்லை.

"நீலத்தைக் காட்டு" என்றார் அத்தை.

நீல எல்இடியைச் செருகினாள். அறையே குளிர்ந்தது போலிருந்தது.

"சீ, ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. எடு அதை."

அடுத்து வெள்ளையை எடுத்தாள். அது எரியவே இல்லை.

"பார்த்தியா! கடைக்காரன் செத்த பல்பை உன் தலையில கட்டிட்டான்."

"இல்ல அத்தை. இந்த எல்இடி ஒரு பக்கமா போட்டாதான் எரியும்." கழற்றித் திருப்பிச் செருகினாள். பளிச்சென்று எரிந்தது.

"அட!" அத்தைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமலும் வந்தது. "இத்தனை வருஷமா எந்தப் பக்கம் சொருகினாலும் எரியுற பல்பையே பார்த்தவளுக்கு இது எங்க தெரியும்? இது உங்க காலத்து ஆளுங்க மாதிரி, தப்பா தொட்டா முறைச்சுக்கும், எரியாது."

கடைசியாக மஞ்சள். பழைய காலத்துக் கம்பி பல்பு. எண்கள் மங்கலாகத் தெரிந்தன. அத்தையின் முகம் தளர்ந்து கனிந்ததை மருமகள் பார்த்தாள்.

"இப்ப சொல்லு" என்றார் அத்தை, குரலை மாற்றிக்கொண்டு. "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?"

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து நாளெல்லாம் அவள் கேட்கும் கேள்வி அது. அதே இழுவையோடு அத்தை கேட்டார்.

"மஞ்சள்தான் நல்லாருக்கு அத்தை."

"பொய். கண்ணைச் சுருக்குற."

கடையில் பொய் சொல்பவர்களை அவளும் அப்படித்தான் கண்டுபிடிப்பாள்.

"எனக்கு வெள்ளை பிடிக்கல. ஆனா ஓட்டப்போறது நான் இல்லையே" என்றார் அத்தை. "என் மனசு குளிர்றதுக்குன்னு மஞ்சளைப் போட்டுட்டு, இருட்டுல முள்ளைத் தேடிக்கிட்டு எவன் மேலயாவது ஏத்தப்போறியா? உன் கண்ணுக்கு எது?"

"நீங்க எந்திரிச்சு வந்து, வண்டியில உக்காந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் போட்டுக்கலாம்."

"கழுதை. உன் கண்ணுக்கு எதுன்னு கேட்டேன்."

"வெள்ளை" என்றாள்.

அத்தை இடுப்பைத் தடவி சாவியை எடுத்து மீட்டர் பெட்டியின் மேல் வைத்தார். ரொம்ப நேரம் ஓட்டிவிட்டு வந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாத்தையும் வெள்ளையா மாத்திடு. பழசு ஒண்ணுகூட வேண்டாம், பாதி வழியில காலை வாரிடும். எரிஞ்சதும் ஒரு ஹாரன் அடி. நான் தம்ளரால ஜன்னல் கம்பியைத் தட்டுறேன்."

அத்தை சொல்லி அவள் மீறியது அந்த ஒன்றைத்தான். வேக முள்ளுக்கும் இன்ஜின் சூடு காட்டும் முள்ளுக்கும் வெள்ளையைப் போட்டாள். பெட்ரோல் முள்ளுக்குப் பின்னால் இருந்த பழைய மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

முற்றத்தில் நின்ற காரில் மீட்டரைப் பொருத்தி முடித்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டாள். எல்லாம் எரிந்தன. ஹாரன் அடித்தாள். அத்தை தம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டும் சத்தம் 'டங்' என்று கேட்டது. சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவையும் அடித்தாள். அதற்குப் பதில் இல்லை. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் அத்தைக்குப் பிடிக்காது, முறைத்துக்கொண்டு கிடப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

கணவன் கட்டிலின் ஓரத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தம்ளர் போர்வையின் மேல் கிடந்தது.

"சத்தம் கேட்டுச்சுன்னு சிரிச்சாங்க" என்றான். அம்மாவின் கையை மெல்ல நெஞ்சின் மேல் வைத்தான்.

மறுநாள் தெரு கொள்ளாமல் டாக்ஸிகள் நின்றன. இரவு வேலை முடித்த நர்ஸுகள் சீருடையோடு வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, தோளுக்கு உயர்ந்த மகளோடு ஒருத்தி என்று பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் எப்போதோ அந்தக் காரின் பின்சீட்டில் அலறிக்கொண்டு போனவர்கள். ஸ்டாண்டின் மூத்த டிரைவர் காரைச் சுற்றி வந்து, டயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம் என்று மருமகளுக்குப் பெருமையாக இருந்தது. அழுகைக்கு நடுவில் அந்தப் பெருமை அவளுக்கே வினோதமாக இருந்தது.

எல்லாம் முடிந்தபின், வயதானவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மருமகள் விளக்கைப் போட்டாள். பக்கத்தில் கணவன் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி வந்தான். மீட்டரைப் பார்த்தான்.

"இந்த ஒண்ணு மட்டும் மஞ்சளா இருக்கே. மாத்த மறந்துட்டியா?"

"இல்ல" என்றாள்.

அவன் மறுபடி முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டான்.

மஞ்சள் வெளிச்சத்தில் முள் பாதிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. வீடு அடுத்த திருப்பத்தில்தான். அவள் இண்டிகேட்டரைப் போட்டு, எதிர்ப்பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினாள்.