ஆறாம் இலக்க ஜெட்டி, நான்காம் பாகம்

பாயிஸ் நானா நாடகத்தின் வீடியோக் கசட்டை உடனே தரவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடை வாசலில் இரண்டு சிப்பாய்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீவிக்காரனே ஏழாம் பாகத்தோட நிப்பாட்டிட்டான். முடிவில்லாத நாடகத்தப் பாத்து என்ன புள்ள செய்யப் போறீங்க?"

"சும்மாதான் நானா."

"சும்மா எடுக்கிறது நீங்க மட்டுமில்ல. ஒரு மாசத்துல ஆறு தரம் போயிட்டு இது."

"ஆரு நானா எடுக்கிற?"

"உங்கட வீட்டுக்காரம்மாதான்."

கசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்துறைமுக வீதியால் நடந்தேன். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களுக்குப் பின்னறையை வாடகைக்குத் தந்தவர் இரத்தினேஸ்வரி அக்கா. அதிர்ந்து பேசாதவர். ஆனால் இராணுவ முகாமிலிருந்து எங்களைப் பதிய வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்தப் பதிவில்தான் நாங்கள் பொய் சொன்னோம். அண்ணன் வீரக்குட்டி போன வருடமே கட்டாருக்குப் போய்விட்டான் என்றோம். அம்மாவையும் என்னையும் இலக்கப் பலகையோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதை இன்னும் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறோம். உண்மையில் அண்ணன் வீட்டை விட்டுப் போனது இந்தச் சித்திரையில். எங்கே என்று எங்களுக்கே சொல்லவில்லை. இயக்கத்துக்கென்று முகாமில் நினைத்தால் எங்களையும் விடமாட்டார்கள். அதற்கு முன் மாசியில், படகு கட்டும் ஆறாம் இலக்க ஜெட்டியில் டீவி நாடகம் எடுத்தபோது அவன் வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். ஆவணியில் நான்காம் பாகத்தில் அவனைக் கண்டோம். பதினொரு விநாடி. கட்டாரில் இருக்க வேண்டியவன், மாசி மாதம் புதிதாகப் பூசிய நீலச் சுவருக்கு முன்னால் சைக்கிளோடு நிற்கிறான். நாடகத்தை நிறுத்தியபோது ஊரே திட்டியது. நான் மட்டும் மூச்சு விட்டேன். பிறகுதான் தெரிந்தது, பாயிஸ் நானா எல்லாப் பாகத்தையும் பதிந்து வாடகைக்கு விடுகிறார் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா கோயிலுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போவார். அம்மா கிணற்றடியில் இருந்தா. நான் அக்காவின் பக்கத்துக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வீடியோ டெக்கைப் போட்டேன். கசட்டின் முதுகில் பாயிஸ் நானா உடைத்து வைத்திருந்த சின்னத் துளையைச் செலோடேப்பால் மூடினேன். இனி இதன்மேல் வேறு எதையும் பதியலாம். அந்தப் பதினொரு விநாடியும் போய்விடும்.

ஜெட்டி வந்தது. கூட்டம் வந்தது. நீலச் சுவர் தெரிந்ததும் படம் முழுக்க வெள்ளைக் கோடுகள் பொரிந்தன. அண்ணனின் சேர்ட்டு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் கொட்டியதுபோல இரைச்சல். படத்தை அப்படியே நிறுத்தினேன். நாடாவை ஒரே இடத்தில் பலமுறை நிறுத்தினால்தான் இப்படித் தேயும். யாரோ இதே இடத்தில் நிறுத்தி நிறுத்தி அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு தரம் எடுத்தவர் அக்கா. முகாம்காரருக்கு அவர் நீட்டிய தேத்தண்ணிக் கோப்பைகள் நினைவுக்கு வந்தன. பதியும் பொத்தானிலும் ஓடவிடும் பொத்தானிலும் இரண்டு விரல்களை வைத்தேன்.

கதவு திறந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா நின்றா. அண்ணனின் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்ன அம்மா. திரையைப் பார்த்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"அதுல நிப்பாட்டாத ஞானம். அது தேஞ்சு போயிட்டு. கொஞ்சம் விடு, சைக்கிளத் திருப்புவான். அதுல முகம் இன்னும் இருக்கு."

"அம்மா, நீங்களா?"

"இரத்தினத்திட்ட நான்தான் எடுத்துத் தரச் சொன்னனான்."

"அக்காவும் சேந்து பாக்கிறவவோ?"

"அவ சமைக்கக் குசினிக்குள்ள போயிருவா."

"குசினிக் கதவு திறந்துதானே கிடக்கும்?"

அம்மா குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தா. நான் நாடாவை ஓடவிட்டேன். சைக்கிள் திரும்பியதும், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றா.

விரல் தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. சைக்கிளைத் திருப்பியபடி அண்ணன் நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தவன்போல. நிறுத்திய படத்தை ஐந்து நிமிடத்தில் டெக் தானே விட்டுவிடும். முற்றத்து வாசல் கேற்றின் கொளுக்கி விழும் சத்தம் கேட்டது, அக்காவா வேறு யாருமா தெரியவில்லை. அம்மா அசையவில்லை. திரையின் அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மெல்ல எழும்பி, அவன் நாடியைத் தொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.